நீரிழிவுடன் உயர் இரத்த அழுத்தம்: எவ்வளவு குறைப்பது, எந்த மருந்தால் குறைப்பது?

நீரிழிவு உள்ள ஒருவருக்கு இரத்த அழுத்தம் 148/92 என்று இரண்டு மூன்று முறை தொடர்ந்து வந்துவிட்டால், அவரும் அவருடைய வீட்டாரும் முதலில் கேட்பது "எந்த மாத்திரை நல்லது?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு; ஆனால் அதற்கு முன் தெரிந்தாக வேண்டிய செய்திகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, அழுத்தத்தை எந்த எண் வரை இறக்கப் போகிறோம் என்பது. மற்றொன்று, அவருடைய சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பது. இந்த இரண்டும் தெரியாமல் மாத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது, போகும் ஊர் எதுவென்று தீர்மானிக்காமல் வண்டியைத் தேர்ந்தெடுப்பதைப் போன்றதே. ஆகவே இந்தக் கட்டுரையில் இலக்கை முதலிலும் மருந்தை அடுத்தும் எடுத்துக்கொள்கிறேன். அழுத்தத்தை அளக்கும் அலகான மி.மீ. பாதரசத்தை ஒவ்வொரு முறையும் எழுதாமல் புள்ளி என்றே குறிப்பிடுகிறேன்; 148/92 என்பதில் முன்னால் உள்ள 148ஐ மேல் எண் என்றும் பின்னால் உள்ள 92ஐக் கீழ் எண் என்றும் சொல்கிறேன்.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது தற்செயல் அல்ல. வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்வினை மங்குகிறது. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்தை உப்பை வெளியேற்றவிடாமல் தேக்கிவைக்கச் செய்கிறது. கூடவே பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்படுகிறது, இரத்தக்குழாய்களைச் சுருக்கும் ரெனின்–ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் சங்கிலி விழித்துக்கொள்கிறது, தமனிகளின் சுவர் விறைக்கிறது. மெட்டபாலிக் சின்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்லும் வளர்சிதை மாற்றக் கோளாற்றின் இலக்கணத்திலேயே இரத்த அழுத்தம் ஓர் உறுப்பாக இருப்பது இதனால்தான். 2009இல் பல அமைப்புகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரையறைப்படி ஐந்து அடையாளங்களில் மூன்று இருந்தால் அந்தக் கோளாறு உள்ளதாகக் கொள்ளப்படும்: அதிகமான இடுப்புச் சுற்றளவு (இதன் வரம்பு மக்கள்தொகைக்கு ஏற்ப மாறும்), இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு, அதே அலகில் ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறைந்த எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு, 130/85 அல்லது அதற்கு மேற்பட்ட இரத்த அழுத்தம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட வெறும் வயிற்றுச் சர்க்கரை. இவற்றுள் எதற்காவது ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொள்பவருக்கு அந்த அடையாளம் இருப்பதாகவே கணக்கு.

இலக்கு: 140ஆ, 130ஆ, 120ஆ?

இந்த ஒப்பீட்டுக்கு அடித்தளமாக நிற்பது, பிரிட்டனில் நடந்து 1998இல் முடிவுகள் வெளியான யுகேபிடிஎஸ் ஆய்வு. இரண்டாம் வகை நீரிழிவும் உயர் அழுத்தமும் கொண்ட 1,148 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரின் அழுத்தத்தை இறுக்கமாகவும் மற்றக் குழுவினரின் அழுத்தத்தைத் தளர்வாகவும் கட்டுப்படுத்தினார்கள். இறுக்கம் என்று அன்று சொல்லப்பட்டதில் எட்டிய சராசரி 144/82. தளர்வான குழுவில் 154/87. இன்றைய கண்ணுக்கு இரண்டுமே கட்டுப்பாடற்ற எண்களாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பத்துப் புள்ளி வேறுபாட்டுக்கே பக்கவாதம் 44 விழுக்காடும், கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 விழுக்காடும் குறைந்தன. 150க்கு மேல் நிற்கும் அழுத்தத்தை 140களுக்குக் கொண்டுவருவதில் கிடைக்கும் பயன் பெரியது, ஐயத்துக்கு இடமற்றது.

அதற்குக் கீழே இறங்க இறங்கப் பயன் தொடர்கிறதா என்பதில்தான் நெடுநாள் வாதம் நடந்தது. 2010இல் வெளியான அக்கார்டு ஆய்வில் 4,733 நீரிழிவு நோயாளிகளுக்கு மேல் எண்ணை 120க்குக் கீழும் 140க்குக் கீழும் வைத்து ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் இரு குழுவுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. பக்கவாதம் மட்டும் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. மருந்தால் விளைந்த கடுமையான பாதகங்களோ தளர்ந்த குழுவில் 1.3 விழுக்காடாகவும் இறுக்கமான குழுவில் 3.3 விழுக்காடாகவும் இருந்தன. ஐந்தாண்டுகள் கழித்து ஸ்பிரிண்ட் ஆய்வு 120 என்ற இலக்குக்குச் சாதகமாக முடிந்தபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் அந்த ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் சேர்க்கப்படவே இல்லை என்பதைப் பேசியவர்களில் பலர் கவனிக்கவில்லை.

2024இல் சீனாவிலிருந்து வந்த பிபிரோட் ஆய்வு அந்த வெற்றிடத்தை நிரப்பியது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 12,821 பேர். இலக்குகள் அக்கார்டில் இருந்தவையே. ஓராண்டு முடிவில் ஒரு குழுவின் சராசரி மேல் எண் ஏறத்தாழ 122, மற்றதன் சராசரி 133. பெரிய இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் இறுக்கமான குழுவில் 21 விழுக்காடு குறைவாக இருந்தன. இந்த விழுக்காட்டை அப்படியே விழுங்கிவிடாமல் எண்ணிக்கையாக மாற்றிப் பார்ப்பது நல்லது: ஆயிரம் பேர் ஓராண்டு இறுக்கமான இலக்கில் இருந்தால், ஏறத்தாழ 21 பேருக்கு நேர வேண்டியது 16 அல்லது 17 பேருக்கு நேர்கிறது. அதாவது நான்கைந்து பேர் தப்புகிறார்கள். அதற்கு ஈடாக, தலைசுற்றல் போன்ற அறிகுறிகளோடு அழுத்தம் தாழ்வதும் இரத்தத்தில் பொட்டாசியம் கூடுவதும் அக்குழுவில் அதிகமாகக் காணப்பட்டன.

வழிகாட்டி நெறிகள் ஒன்றுபோல் இல்லாததற்குக் காரணம் இந்த வரலாறுதான். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பல ஆண்டுகள் பெரும்பாலோருக்கு 140/90 என்று வைத்திருந்த இலக்கை 2023இல் 130/80க்கு மாற்றியது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு நெறிமுறை, தாங்கக்கூடியவர்களுக்கு மேல் எண் 120க்கும் 129க்கும் இடையில் இருக்கட்டும் என்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்போ எண்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு இன்னும் 140/90க்குக் கீழ் என்பதையே பொது இலக்காக வைத்திருக்கிறது.

என் கணிப்பில், பெரும்பாலான நீரிழிவு நோயாளிகளுக்கு 130/80 என்பதே சண்டைக்கு இடமில்லாத இலக்கு. அங்கே வசதியாக வந்து சேர்ந்து, தலைசுற்றலும் இல்லாமல், சிறுநீரகமும் பொட்டாசியமும் நிலையாக இருப்பவர், குறிப்பாகப் பக்கவாத ஆபத்து கூடியவர், 120களின் தொடக்கம் வரை இறங்கலாம். ஆனால் இதைத் தீர்மானிப்பதற்கு முன் ஓர் எளிய சோதனை வேண்டும்; அது பல இடங்களில் செய்யப்படுவதே இல்லை. உட்கார்ந்த நிலையிலோ படுத்த நிலையிலோ அளந்துவிட்டு, எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் அளக்க வேண்டும். மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ சரிந்தால், இதயத்துடிப்பையும் இரத்தக்குழாய்களையும் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகளை நீரிழிவு பாதித்திருக்கலாம் என்று பொருள். அப்படிப்பட்டவர் நாற்காலியில் 128 காட்டுவார். இரவில் கழிவறைக்கு எழும்போது 100க்குக் கீழே போய் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வார். அவருக்கு உட்கார்ந்த எண்ணை மட்டும் வைத்து இலக்கு வகுப்பது ஆபத்து.

அளக்கும் முறையும் இலக்கின் ஒரு பகுதியே. ஆய்வுகளில் வந்த 120 என்ற எண், ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, கையை இதய உயரத்தில் வைத்து, பேசாமல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்து கிடைத்தது. படியேறி வந்த மூச்சோடு அவசரமாக அளக்கும் எண் பல புள்ளிகள் கூடுதலாகவே இருக்கும். அந்த எண்ணை ஆய்வின் இலக்கோடு ஒப்பிட்டு மருந்தைக் கூட்டினால் தேவைக்கு மேல் மருந்து போய்ச் சேரும். மேல்கைப் பட்டை கொண்ட சரிபார்க்கப்பட்ட கருவியால் வீட்டில் காலையிலும் மாலையிலும் ஒரு வாரம் எழுதிவைத்த எண்களின் சராசரி, மருத்துவமனையில் எடுத்த ஒற்றை எண்ணைவிட நம்பத்தக்கது. பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் பொய்யாகக் கூடித் தெரியும் என்பதையும், மெட்டபாலிக் சின்ட்ரோம் உள்ளவர்களில் பெரிய பட்டை தேவைப்படுவோர் பலர் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

மருந்து: முதலில் சிறுநீர் என்ன சொல்கிறது?

ஐந்து வகை மருந்துகள் நடைமுறையில் போட்டிக்கு நிற்கின்றன: ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைக்கும் ஏசிஇ தடுப்பிகள் (ராமிபிரில், எனலாபிரில், லிசினோபிரில் போன்றவை), ஆஞ்சியோடென்சின் வேலை செய்வதைத் தடுக்கும் ஏஆர்பி வகை (லோசார்டன், டெல்மிசார்டன், இர்பிசார்டன்), கால்சியம் தடுப்பிகள் (அம்லோடிபின், சில்னிடிபின்), தயசைடு வகைச் சிறுநீர்ப் பெருக்கிகள் (குளோர்தாலிடோன், இண்டபமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு), பீட்டா தடுப்பிகள் (அடினலால், மெட்டோபிரலால், கார்வெடிலால்). இவற்றுள் எதை முதலில் எடுப்பது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, சிறுநீரில் ஆல்புமினுக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எளிய பரிசோதனை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. அதற்கு மேல் கடுமையான கசிவு. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ கடும் உடற்பயிற்சியோ இந்த எண்ணைத் தற்காலிகமாகக் கூட்டும் என்பதால், ஒருமுறை கூடியதை வைத்து முடிவெடுக்காமல் திரும்பவும் பார்ப்பது வழக்கம்.

கசிவு இருந்தால் கேள்வி ஏறத்தாழ முடிந்துவிட்டது: ஏசிஇ தடுப்பி அல்லது ஏஆர்பி, இரண்டில் ஒன்று, தாங்கக்கூடிய உயர்ந்த அளவில். இதற்கு மிகத் தெளிவான சான்று 2001இல் வெளியான ஐடிஎன்டி ஆய்வு. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 1,715 பேருக்கு இர்பிசார்டன், அம்லோடிபின், வெற்று மாத்திரை என்று மூன்றில் ஒன்றைக் கொடுத்தார்கள். இர்பிசார்டனும் அம்லோடிபினும் இரத்த அழுத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தன. ஆனால் சிறுநீரகச் சீர்கேடு இர்பிசார்டன் குழுவில் அம்லோடிபின் குழுவைவிட 23 விழுக்காடு குறைவாக இருந்தது. கருவியில் தெரியும் எண் ஒன்றே. அதன் பின்னால் நடப்பது வேறு. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகள் சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் நுண்குழாயைத் தளர்த்தி, வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் இறக்குவதே இதற்கு விளக்கம். அதே ஆண்டில் வந்த ரீனால் ஆய்வு லோசார்டனுக்கும் இத்தகைய பயனைக் காட்டியது.

ஏசிஇ தடுப்பியா ஏஆர்பியா என்ற உள்போட்டிக்கு 2008இல் ஆன்டார்கெட் ஆய்வு விடை தந்தது. இதயநோயோ, உறுப்புப் பாதிப்புடன் கூடிய நீரிழிவோ உள்ள 25,620 பேரில் ராமிபிரிலும் டெல்மிசார்டனும் சமமான பலன் தந்தன. இருமலால் ராமிபிரிலை நிறுத்தியவர்கள் 4.2 விழுக்காடு, டெல்மிசார்டனை நிறுத்தியவர்கள் 1.1 விழுக்காடு. வறட்டு இருமல் இல்லாமல் மருந்து தொடர வேண்டும் என்பவருக்கு ஏஆர்பி வசதியானது. ஏசிஇ தடுப்பியை இருமலின்றி எடுத்துக்கொண்டிருப்பவர் மாற்ற வேண்டிய தேவை இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த மூன்றாவது குழுவில் கூடுதல் பயன் எதுவும் இல்லை. மயக்கமும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின. நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளிடம் இதே கூட்டைச் சோதித்த நெஃப்ரான்-டி ஆய்வு, பொட்டாசியம் ஏற்றத்தாலும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பாலும் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஒரு மருத்துவர் எழுதிய ராமிபிரிலும் மற்றொருவர் எழுதிய டெல்மிசார்டனும் ஒரே டப்பாவில் சேர்ந்துவிடுவது நடக்கக்கூடியதே. எனவே மருந்துப் பட்டியல் முழுவதையும் ஒருவரிடமாவது காட்டுவது அவசியம்.

இவ்வகை மருந்துகளைத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரங்களில் இரத்தத்தில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 விழுக்காடு வரை கூடுவது, பிற அறிகுறி இல்லாதபோது, வடிகட்டியின் அழுத்தம் இறங்கியதன் விளைவாகவே கொள்ளப்படுகிறது. அதைக் கண்டு பதறி மருந்தை நிறுத்துவது, பாதுகாப்பு தொடங்கிய கணத்தில் பாதுகாப்பை விலக்குவதாகும். 30 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் காரணம் தேட வேண்டும். சிறுநீரகத் தமனிச் சுருக்கமோ, நீர்ச்சத்துக் குறைவோ, வலி மாத்திரைகளோ இருக்கலாம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவ்விரண்டு வகைகளும் கூடவே கூடாது. கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், லபெடலால், நீண்டநேர நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவற்றுக்கு முன்கூட்டியே மாறிவிட வேண்டும்.

கசிவு இல்லை, இதயநோயும் இல்லை என்றால் நிலைமை மாறுகிறது. இங்கேதான் பழக்கம் சான்றைவிட ஒரு படி முன்னே ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நீரிழிவு என்ற ஒரே காரணத்துக்காக ஏஆர்பிதான் முதல் மருந்து என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆல்புமின் கசியாத நீரிழிவு நோயாளிகளில் ஏஆர்பி, கால்சியம் தடுப்பி, தயசைடு வகை ஆகிய எதைத் தொடங்கினாலும் அழுத்தம் சமமாகக் குறைந்தால் இதயப் பாதுகாப்பும் ஏறத்தாழ சமமே. 33,357 பேர் பங்கேற்ற ஆல்ஹாட் ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள். குளோர்தாலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில் மூன்றுக்கும் இடையே மாரடைப்பிலும் இதயநோய்ச் சாவிலும் வேறுபாடு காணப்படவில்லை. இதயச் செயலிழப்பு மட்டும் அம்லோடிபின் குழுவில் குளோர்தாலிடோன் குழுவைவிடக் கூடுதலாக இருந்தது.

இன்னும் நீரிழிவு வராத மெட்டபாலிக் சின்ட்ரோம் நோயாளிக்கு அதே ஆய்வில் வேறொரு செய்தி இருக்கிறது. தொடக்கத்தில் நீரிழிவு இல்லாதவர்களில் நான்கு ஆண்டுகளில் புதிதாக நீரிழிவு வந்தவர்கள் குளோர்தாலிடோன் குழுவில் 11.6, அம்லோடிபின் குழுவில் 9.8, லிசினோபிரில் குழுவில் 8.1 விழுக்காடு. தயசைடு பொட்டாசியத்தை இழக்கச் செய்வதும், பொட்டாசியம் குறைந்தால் கணையத்தின் இன்சுலின் சுரப்பு மந்தமாவதும் இதற்கு ஒரு காரணம். அதனால் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு ஏஆர்பியோ ஏசிஇ தடுப்பியோ முதலில், கால்சியம் தடுப்பி அடுத்து, தயசைடு வகை மூன்றாவதாகக் குறைந்த அளவில் என்ற வரிசை நியாயமானதே. ஆனால் ஏற்கெனவே நீரிழிவு வந்துவிட்டவருக்குச் சர்க்கரை சற்றுக் கூடுமே என்பதற்காகத் தயசைடை அறவே ஒதுக்குவது தவறு. உப்பைத் தேக்கிவைக்கும் உடலுக்கு அந்த மருந்தைப் போல் வேலை செய்வது வேறில்லை. கௌட் எனப்படும் யூரிக் அமில மூட்டுவலி உள்ளவரும், சோடியம் எளிதில் குறைந்துபோகும் முதியவரும் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அம்லோடிபினின் குறை கணுக்கால் வீக்கம். அது உடலில் நீர் கூடியதால் வருவது அன்று. நுண்தமனிகள் மட்டும் விரிந்து சிரைகள் விரியாததால் திசுக்களில் நீர் கசிவது. அதற்கு நீர் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. அளவைக் குறைப்பதோ, உடன் ஏஆர்பி அல்லது ஏசிஇ தடுப்பி சேர்ப்பதோ வீக்கத்தை இறக்கும். நீரிழிவுப் பாதப் புண் உள்ளவருக்கு இந்த வீக்கம் வெறும் அழகுக் குறைபாடு அன்று. புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

பீட்டா தடுப்பிகளைச் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். மாரடைப்பு வந்தவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், நெஞ்சுவலியோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவர் ஆகியோருக்கு அவை தேவை. வெறும் அழுத்தத்துக்காக மட்டும் முதல் மருந்தாகத் தேவையில்லை. அடினலால் போன்ற பழையவை எடையையும் சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் சற்றுக் கூட்டுகின்றன. சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கின்றன. வியர்வையை மறைப்பதில்லை என்பதை இன்சுலின் எடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டாயம் தேவைப்பட்டால் கார்வெடிலால் சர்க்கரையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

ஒன்றைக் கூட்டுவதா, இரண்டைச் சேர்ப்பதா?

ஒரு மாத்திரையால் இலக்கை எட்டும் நீரிழிவு நோயாளிகள் குறைவு. பெரும்பாலோருக்கு இரண்டு, பலருக்கு மூன்று தேவைப்படும். ஆகவே எது முதல் மருந்து என்பதைவிட, எந்த இணை என்பதே நடைமுறையில் பெரிய கேள்வி. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதால் கிடைக்கும் கூடுதல் இறக்கத்தைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பதால் கிடைக்கும் இறக்கம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு காட்டியது. பக்க விளைவுகளோ பெரும்பாலும் அளவோடு சேர்ந்து கூடுபவை. எனவே 40 மில்லிகிராம் டெல்மிசார்டனில் போதவில்லை என்றால் 80க்கு ஏறுவதைவிட, 5 மில்லிகிராம் அம்லோடிபினைச் சேர்ப்பது அழுத்தத்தை அதிகமாக இறக்கும். இதற்கு விலக்கு ஆல்புமின் கசிபவர்: அவருக்கு ஏஆர்பியின் உயர்ந்த அளவு அழுத்தத்துக்காக மட்டுமல்லாமல் சிறுநீரகத்துக்காகவும் வேண்டும். தொடங்கும்போதே அழுத்தம் 150/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இரண்டு மருந்துகளோடு தொடங்கலாம் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். தளர்ந்த முதியவருக்கும், நிற்கும்போது அழுத்தம் சரிபவருக்கும் அது பொருந்தாது. அவர்களுக்கு ஒன்றில் தொடங்கி மெதுவாக ஏறுவதே வழி.

எந்த இணை என்பதற்கு 2008இல் வந்த அக்காம்ப்ளிஷ் ஆய்வு ஒரு பதில் சொல்கிறது. 11,506 பேரில் பெனாசிபிரிலுடன் அம்லோடிபின் சேர்த்தவர்களுக்கு, பெனாசிபிரிலுடன் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்த்தவர்களைவிட இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பங்கேற்றவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள். அதனால் ஏஆர்பி அல்லது ஏசிஇ தடுப்பியோடு கால்சியம் தடுப்பி, போதாவிட்டால் மூன்றாவதாகத் தயசைடு வகை என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும் வரிசை. உடலில் நீர் தேங்கியவருக்கும் கால் ஏற்கெனவே வீங்கியவருக்கும் இரண்டாம் இடத்தில் சிறுநீர்ப் பெருக்கியை வைப்பேன். இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் இருப்பது சோம்பேறித்தனத்துக்குக் கொடுக்கும் சலுகை அன்று. சர்க்கரைக்கு, கொழுப்புக்கு, அழுத்தத்துக்கு என்று நாளொன்றுக்கு ஏழெட்டு மாத்திரை விழுங்குபவர், எண்ணிக்கை கூடும்போது முதலில் கைவிடுவது தன்னால் உணர முடியாத நோயின் மாத்திரையைத்தான்.

மூன்று மருந்துகளும் சரியான அளவில் இருந்தும் அழுத்தம் இறங்கவில்லை என்றால், நான்காவதை எழுதும் முன் சில கேள்விகள் உண்டு. மாத்திரை உண்மையில் விழுங்கப்படுகிறதா? ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ஓடுகின்றனவா? குறட்டையும் பகல் தூக்கமும் இருக்கிறதா? பருத்த உடலும் குறட்டையும் உள்ளவரிடம் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் மறைந்திருப்பது சாதாரணம். இவை இல்லை என்று தெரிந்தபின், நான்காவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோன் மற்றவற்றை வென்றதை 2015ஆம் ஆண்டின் பாத்வே-2 ஆய்வு காட்டியது. ஆனால் ஏஆர்பியோடு சேரும்போது அது பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அந்த ஏற்றம் இதயத் துடிப்பையே நிறுத்தும் அளவுக்குப் போகலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையின்றி அதைத் தொடரக் கூடாது.

சர்க்கரை மருந்துகளின் பங்கு

பத்தாண்டுகளுக்கு முன் இந்த ஒப்பீட்டில் இடம்பெறாத ஒரு போட்டியாளர் இன்று இருக்கிறார். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி-2 தடுப்பிகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது சோடியத்தையும் நீரையும் சேர்த்து வெளியேற்றுவதால் மேல் எண்ணை மூன்று முதல் ஐந்து புள்ளி இறக்குகின்றன. இது ஓர் அழுத்த மாத்திரைக்கு ஈடாகாது. ஆனால் இதயச் செயலிழப்பையும் சிறுநீரகச் சீர்கேட்டையும் குறைக்கும் பயன் அந்தப் புள்ளிகளால் மட்டும் விளக்க முடியாத அளவுக்குப் பெரியது. செமாக்ளுடைடு போன்ற ஜிஎல்பி-1 மருந்துகளும் எடை குறைவதோடு சேர்த்துச் சில புள்ளிகள் இறக்குகின்றன. எனவே சர்க்கரைக்கு இன்னொரு மருந்து தேவை, அழுத்தமும் இலக்குக்குச் சற்று மேலே நிற்கிறது என்ற நிலையில், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் ஒரே மருந்து இரு வேலை செய்யும். அதே நேரத்தில், ஏற்கெனவே சிறுநீர்ப் பெருக்கி எடுப்பவருக்கு எஸ்ஜிஎல்டி-2 தடுப்பி சேரும்போது நீர்ச்சத்து குறையலாம். பெருக்கியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆல்புமின் கசியும் நீரிழிவுச் சிறுநீரக நோயில் ஃபினெரினோன் என்ற புதிய மருந்துக்கும் இடமுண்டு. அது கொடுக்கப்படுவது சிறுநீரகத்துக்காக, அழுத்தத்தை அது சிறிதளவே இறக்கும்.

மாத்திரையா, வாழ்க்கை முறையா?

இதை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக வைப்பதே பிழை என்றாலும், பலர் அப்படித்தான் வைக்கிறார்கள் என்பதால் புள்ளிகளிலேயே ஒப்பிடுவோம். எடையில் ஒவ்வொரு கிலோ குறைவுக்கும் மேல் எண் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த டாஷ் உணவுமுறை, 1997இல் வெளியான சோதனையில் உயர் அழுத்தம் உள்ளவர்களின் மேல் எண்ணை 11 புள்ளி இறக்கியது. அது ஒரு மாத்திரைக்கு நிகரானது. ஆனால் அந்தச் சோதனையில் உணவு முழுவதும் சமைத்துக் கொடுக்கப்பட்டது. தாமே சமைத்து ஆண்டுக்கணக்கில் தொடர்பவருக்கு அவ்வளவு கிடைப்பது அரிது. உப்பை நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. இன்சுலின் எதிர்ப்பு உள்ள உடல் உப்பைத் தேக்குவதால், இக்கோளாறு உள்ளவருக்கு உப்புக் குறைப்பின் பலன் கூடுதலாகத் தெரியும். ஏஆர்பியும் ஏசிஇ தடுப்பியும் உப்பு குறைந்த உடலில் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை: சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு, இந்த மருந்துகளை எடுக்கும் சிறுநீரக நோயாளிக்கு ஆபத்தானது.

ஆகவே 130/80ஐச் சற்றுத் தாண்டி நிற்கும், ஆல்புமின் கசியாத, இளவயது மெட்டபாலிக் சின்ட்ரோம் நோயாளி மூன்று மாதம் எடை, உப்பு, நடை ஆகியவற்றை மட்டும் நம்பிப் பார்க்கலாம். நீரிழிவு இன்னும் வராதவராக இருந்தால் அந்தக் காத்திருப்புக்கு நியாயம் இன்னும் கூடுதல். 150க்கு மேல் நிற்கும் நீரிழிவு நோயாளி "முதலில் உடற்பயிற்சி செய்து பார்க்கிறேன்" என்று ஓராண்டு தள்ளிப்போடுவது வேறு விஷயம். அவர் மாத்திரையைத் தொடங்கிவிட்டு எடையைக் குறைக்கட்டும். பத்துக் கிலோ குறைந்தபின் மாத்திரையைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம்.

மாத்திரையைக் காலையில் எடுப்பதா இரவிலா என்ற கேள்வி சில ஆண்டுகள் பெரிதாகப் பேசப்பட்டது. 21,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற டைம் ஆய்வு 2022இல் வெளியானபோது, எந்த நேரத்தில் எடுத்தாலும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சாவிலும் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. எந்த நேரத்தில் மறக்காமல் எடுக்க முடிகிறதோ அந்த நேரம். சிறுநீர்ப் பெருக்கியை மட்டும் காலையில் எடுத்தால் இரவில் தூக்கம் கெடாது. கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடலில் நீர் வற்றும் நாட்களில் ஏஆர்பி, ஏசிஇ தடுப்பி, சிறுநீர்ப் பெருக்கி, மெட்ஃபார்மின், எஸ்ஜிஎல்டி-2 தடுப்பி ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரலாம். எதை, எத்தனை நாள் என்பதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, இலக்கை எட்டியபின் நிறுத்திவிடலாமா என்ற கேள்வி. யுகேபிடிஎஸ் ஆய்வு முடிந்தபின் அதே நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சர்க்கரையைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்தியதன் பயன், கட்டுப்பாடு தளர்ந்த பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. இரத்த அழுத்தத்தில் அப்படி நடக்கவில்லை. இரு குழுவினரின் அழுத்த வேறுபாடு இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்தது. பக்கவாதத்திலும் நுண்குழாய்ப் பாதிப்பிலும் முன்பு கிடைத்த பாதுகாப்பும் நிலைக்கவில்லை என்று 2008இல் வெளியான அறிக்கை சொல்கிறது. எடை குறைந்து, உப்பு குறைந்து, வீட்டு அளவீடுகள் பல வாரங்கள் 110களில் நின்றால் மருத்துவரோடு பேசி ஒரு மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்தபின் வரும் வாரங்களில் மறுபடியும் காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும்.